அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு வீடு

நலத்துறையிலிருந்து போன் வந்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் செதில். என் கணவர்தான் போனை எடுத்து என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்ட்டி, ரெண்டு பொண்ணுங்க. அக்கா தங்கச்சி. பெரியவளுக்குப் பத்து வயசு, சின்னவளுக்கு அஞ்சு. ஒரு மூணு மாசம் வச்சுக்க முடியுமா?"

பேசியது எங்கள் வட்டாரத்தைக் கவனிக்கும் அதிகாரி. என் மகன்களைவிட இளையவள், நல்ல பெண். ஆனால் அவள் மூன்று மாதம் என்றால் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்கு அதற்குள் பழகிப் போயிருந்தது. என் கணவரைப் பார்த்தேன். அவர் போனைப் பிடித்தபடியே தலையாட்டினார்.

"கூட்டிட்டு வாம்மா. இன்னிக்கு மீன் கொழம்பு. முள்ளு எடுத்துச் சாப்புடத் தெரியுமான்னு மட்டும் கேட்டுக்க" என்றேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில், புக்கிட் ரோத்தானில் ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து ஆபீசில் நான் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவள். பழைய ஆட்கள் சிலர் இன்றைக்கும் என்னைக் கிராணியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் கணவர் பள்ளி பஸ் ஓட்டுகிறார். எங்கள் மகன்கள் இரண்டு பேரும் வேலைக்காகத் தெற்கே போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். வீட்டில் மூன்று அறை, இரண்டு பேர். அப்போதுதான் வளர்ப்புக் குடும்பமாகப் பதிந்துகொண்டோம். தத்தெடுப்பது என்பது வேறு, நாங்கள் செய்வது வேறு. ஒரு பிள்ளைக்கு நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்கும்வரை இடையில் வைத்துப் பார்த்துக்கொள்கிற வீடு எங்களுடையது. இந்த இரண்டு பெண்களுக்கு முன்னால் நான்கு பிள்ளைகள் வந்து போயிருந்தார்கள். இரண்டு பேர் அம்மாவிடமே திரும்பினார்கள், இரண்டு பேரைத் தத்துக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் அதிகாரியின் கார் வாசலில் வந்து நின்றது. பெரியவள் முதலில் இறங்கினாள். முதுகில் ஒரு பை, இடுப்பில் தங்கை. ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கினால் பத்து வயதுப் பெண் எப்படி நிற்பாள்? ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள்.

"எறக்கி விடும்மா, அவ நடப்பாள்ல" என்றேன்.

"நடப்பா ஆண்ட்டி. ஆனா புது எடம்னா இவளுக்குக் காலு வலிக்கும்."

சின்னவளிடம் பெயர் கேட்டேன். பெரியவள் சொன்னாள். என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டேன். அதற்கும் பெரியவள்தான் பதில் சொன்னாள். என் கணவர் குனிந்து, "ஏன், பாப்பாவுக்கு வாய் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு அங்கிள். மொத நாள் பேசமாட்டா. ரெண்டாவது நாள் பேசுவா" என்றாள் பெரியவள், பஸ் நேரம் சொல்வதுபோல.

அப்படியே நடந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பேச ஆரம்பித்த சின்னவள், எங்கள் வீட்டில் இருந்த நாள்வரை நிறுத்தவில்லை.

அவர்களுடைய அம்மா முந்தைய வருடம் நோயில் இறந்துபோயிருந்தார். அப்பாவோ தன்னால் வளர்க்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சுங்கை பெசாரில் ஒரு மாமா சில மாதம் வைத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கே ஐந்து பிள்ளைகள். அம்மா படுக்கையில் கிடந்த காலத்திலேயே பெரியவள் சோறு வடிக்கவும், துணி துவைக்கவும், தங்கைக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பவும் கற்றுக்கொண்டுவிட்டாள். எங்கள் வீட்டிலும் அதை விடவில்லை. நான் எழுந்து போவதற்குள் இரண்டு பேருடைய சீருடையும் துவைத்துக் கொடியில் கிடக்கும். சட்டையைப் பிழிய அவளுக்குக் கை போதாது. ஒரு முனையைக் குழாயில் மாட்டி, மறுமுனையை முறுக்கிப் பிழிவாள்.

"மிஷின் இருக்குதேம்மா, அதுல போடலாம்ல" என்று நான் சொன்னால், "மிஷின் கரன்ட் சாப்புடும் ஆண்ட்டி" என்பாள்.

பஸ்ஸிலும் அதே கதைதான். என் கணவரின் பஸ்ஸில்தான் இருவரும் பள்ளிக்குப் போனார்கள். ஒரு வாரத்துக்குள் யார் எங்கே உட்கார வேண்டும், எந்தப் பையன் சன்னலுக்கு வெளியே கை நீட்டுகிறான், யார் தண்ணீர் போத்தலை விட்டுவிட்டு இறங்கினான் என்று எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். "இருவது வருஷமா பஸ் ஓட்டுறேன், இப்பத்தான் எனக்கு ஒரு கண்டக்டர் கெடச்சிருக்கா" என்று அவர் வீட்டில் வந்து சிரித்தார்.

இரண்டாவது மாதம் தாடிகாவிலிருந்து, அதாவது சின்னவளின் பாலர் பள்ளியிலிருந்து, ஆசிரியை போன் செய்தார். "கூட்டத்துக்கு ஏன் வரல ஆண்ட்டி? கடிதத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தீங்களே" என்றார். எந்தக் கூட்டம், எந்தக் கடிதம்? சின்னவளின் பையைத் திறந்து பார்த்தேன். வந்த எல்லாக் கடிதத்திலும் என் கையெழுத்து இருந்தது. உண்மையைச் சொன்னால், என் கையெழுத்தைவிட அது நன்றாக இருந்தது.

பெரியவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பயப்படவில்லை. "நீங்க வேலையா இருந்தீங்க ஆண்ட்டி. அம்மாவுக்கும் நான்தான் போடுவேன்" என்றாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. அன்றைக்கு அவளை உட்கார வைத்து, இனி இந்த வீட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை, அதை யாருக்கும் தரமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான்காவது மாதம் ஷா ஆலாமிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பார்க்க வந்தார்கள். அவர்களைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பதமாகப் பேசினார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி கவுன் வாங்கி வந்தார்கள். சின்னவள் அந்த அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தன் பள்ளியில் யார் யார் மூக்கில் விரல் விடுகிறார்கள் என்று பட்டியல் சொன்னாள். அந்த அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கிளம்பும்போது அந்த மனிதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சின்னவள எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு அக்கா. பெரியவளும் நல்ல பிள்ளதான். ஆனா பத்து வயசு ஆயிருச்சு, எல்லாம் ஞாபகம் இருக்கும். எங்கள அம்மா அப்பான்னு நெனைக்குமா? எங்களுக்கு அந்தத் தைரியம் இல்லக்கா" என்றார். மனதில் இருப்பதை மறைக்காமல் சொன்னார். அதிகாரியிடம் பேசச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். கொடியில் காய்ந்த போர்வைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவளின் குரல் கேட்டது.

"மறுபடி அந்த ஆண்ட்டி வந்து, 'எங்க வீட்டுக்கு வர்றியா'ன்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"வரேன்."

"அழக்கூடாது."

"அழமாட்டேன்."

"அக்கா எங்கன்னு கேக்கக்கூடாது. அக்கா அப்பறமா வருவான்னு நீயே நெனச்சுக்கணும். சரியா? அங்க தனி ரூம் இருக்கு. மீன் தொட்டி இருக்கு. நான் போன்ல படம் பாத்தேன்."

"நீ எப்ப வருவ?"

"பொறவு."

நான் போர்வையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நாங்கள் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, அழாமல், கோபப்படாமல், தங்கையைத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். என் அறுபத்தோரு வயதில் நான் எவ்வளவோ பேருடைய பெரிய மனதைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு?

உள்ளே போய் அதிகாரிக்கு போன் போட்டேன்.

"இங்க பாரும்மா, ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் போகணும். பிரிச்சு அனுப்புறதா இருந்தா நான் வாசக்கதவத் தொறக்கமாட்டேன்."

"எனக்கும் அதே எண்ணம்தான் ஆண்ட்டி. சேத்துத்தான் எழுதப் போறேன். ஆனா கஷ்டம் லா. எல்லாருக்கும் கைக்கொழந்தைதான் வேணும். எத்தன மாசம் ஆகும்னு சொல்ல முடியாது."

"எத்தன மாசம் ஆனாலும் ஆகட்டும். எங்க வீட்டுல சோறு இருக்கு."

பிற்பாடு அந்த ஷா ஆலாம் தம்பதிக்கு வேறோர் இடத்தில் ஒரு குழந்தை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷமாக இருந்தது.

நான் அதிகாரியிடம் பேசிய அந்த வாரமே ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பெரியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலேயே நான்கு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். உரித்தபடியே கேட்டாள்.

"ஆண்ட்டி, நீங்களே எங்கள வச்சுக்கக்கூடாதா?"

இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். அதற்காகப் பல பதில்களும் தயார் செய்து வைத்திருந்தேன். அத்தனையும் மறந்துபோய்விட்டது.

"வச்சுக்க ஆசதான்டி. ஆனா ஆண்ட்டிக்கு இப்ப அறுவத்தொண்ணு. அங்கிளுக்கு அறுவத்தஞ்சு. அவர் நெஞ்சுல வேற ஆபரேஷன் செஞ்சிருக்கு. பாப்பாவுக்கு இருவது வயசு ஆகும்போது எனக்கு என்ன வயசு ஆகும், சொல்லு."

மனதுக்குள் கூட்டினாள். "எழுவத்தாறு. அதனால என்ன ஆண்ட்டி? நான் பெரியவளா ஆயிருவேன்ல. உங்க ரெண்டு பேரையும் நான் பாத்துக்குவேன்."

"அதுக்குத்தான் வேணாங்கிறேன்" என்றேன். "நீ பாத்தது போதும். உன்னைப் பாத்துக்குற ஆளு வேணும்."

அவள் நான்கு வெங்காயத்தையும் உரித்து முடித்து, தோலை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் அழுததற்கு வெங்காயம் வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு வெகுநாள் யாரும் வரவில்லை. சின்னவளுக்கு ஒரு பல் விழுந்தது. பெரியவள் பள்ளியில் மலாய்க் கதை சொல்லும் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். வாழ்க்கை அதன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. எங்களிடம் வந்து ஏழாவது மாதம் என்று நினைக்கிறேன், அதிகாரி மறுபடி அழைத்தாள்.

"ஆண்ட்டி, செரண்டாவுல ஒரு ஜோடி. அவர் பேக்டரியில போர்க்லிப்ட் ஓட்டுறார். அவர் சம்சாரம் ரவாங்ல கையுற செய்யிற பேக்டரியில சிப்ட் வேல. ரெண்டு வயசுக்குக் கீழ ஒரு கொழந்ததான் கேட்டிருந்தாங்க. நான் இவங்க ரெண்டு பேரப் பத்திச் சொன்னேன். மூணு நாள் யோசிச்சிட்டு, 'வந்து பாக்குறோம், பாக்குறதுல என்ன'ன்னு சொல்லியிருக்காங்க. வீட்டுல வேணாம். வெளியில எங்கயாச்சும் சாதாரணமாப் பாத்துக்கலாம்."

புக்கிட் மெலாவத்தியில் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். கோலசிலாங்கூரில் ஆற்றையும் கடலையும் பார்த்தபடி இருக்கும் குன்று அது. மேலே பழைய பீரங்கிகள், கலங்கரை விளக்கம். ஆனால் பிள்ளைகள் போவதெல்லாம் குரங்குகளுக்காக. சாம்பல் வெள்ளி நிறத்தில், சாதுவான குரங்குகள். பயத்தங்காயைக் கையில் வைத்திருந்தால் வந்து வாங்கித் தின்னும். சில சமயம் தோளிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதிகாரியோடு அவர்கள் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, பெரிய கண்கள். அவர் நல்ல உயரம். பயத்தில் சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழுத்துவரை போட்டிருந்தார். வணக்கம் சொல்லிவிட்டு, பிள்ளைகளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார்.

பெரியவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீங்க குடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் மட்டும் நிதானமாக, "தீபாவளிக்கு ஒரு பீர். போன வருஷம் அதுவும் இல்ல" என்றார்.

"வீட்டுல துணி யாரு தொவைப்பா?"

"நான்தான். அவங்களுக்குச் சிப்ட். ஆனா எனக்கு மடிக்கத் தெரியாது."

"அடிப்பீங்களா?"

"இல்ல" என்றார் அவர். பிறகு யோசித்து, "கொசு அடிப்பேன்" என்றார்.

சின்னவள் களுக்கென்று சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்கவும் இல்லை.

இதற்கிடையில் ஒரு குரங்கு, தன் குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு வந்து வேலியில் உட்கார்ந்தது. குட்டி நல்ல ஆரஞ்சு நிறம். "ஏன் அது ஆரஞ்சா இருக்கு?" என்று சின்னவள் அவரிடம் கேட்டாள். பெரியவர்கள் இந்த மாதிரி இடத்தில் ஏதாவது ஒன்றைக் கட்டிச் சொல்வார்கள். அவர் தலையைச் சொறிந்து, "தெரியலையே. நீ கேக்குறவரைக்கும் எனக்கு அது தோணவே இல்ல" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் மரத்திலிருந்து இன்னொரு குரங்கு இறங்கி அவர் தலைமேல் உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் தெரிந்தது, அந்த மனிதருக்குக் குரங்கு என்றால் உயிரே போய்விடும் என்று. கண்ணை மூடிக்கொண்டார். கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு மரம்போல நின்றார். "எடுங்க... யாராச்சும் எடுங்க லா..." என்று உதடு அசையாமல் முனகினார். அவர் மனைவி உதவுவதற்குப் பதிலாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். பெரியவள்தான் ஒரு பயத்தங்காயை எடுத்து நீட்டி, அந்தக் குரங்கைச் சாமர்த்தியமாகக் கீழே இறக்கினாள். பிறகு அவர் கையைப் பிடித்து, "போயிருச்சு அங்கிள், கண்ணத் தொறங்க" என்றாள். திறந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், மூக்கின் வழியாகச் சிரித்தாள்.

ஆனால் எனக்கு மனதில் நம்பிக்கை விழுந்தது அதற்குப் பிறகுதான். கீழே ஒரு கடையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பெரியவள் வழக்கம்போல் தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தங்கைக்கு மீன் முள் எடுத்து ஊட்ட ஆரம்பித்தாள்.

"நீ சாப்புடும்மா. பாப்பாவுக்கு நான் ஊட்டுறேன்" என்றார் அந்தப் பெண்.

"பரவால்ல ஆண்ட்டி. நான் ஊட்டுனாத்தான் சாப்புடுவா."

நானும் பல தடவை இதே இடத்தில் தோற்றிருக்கிறேன். வற்புறுத்தினால் முகம் இறுகிவிடும். அந்தப் பெண் வற்புறுத்தவில்லை. பெரியவளின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டினார்.

"சரி, அப்ப நீ அவளுக்கு ஊட்டு. நான் உனக்கு ஊட்டுறேன்."

பெரியவள் அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் என் தட்டிலிருந்த கீரையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் வாயைத் திறந்தாள். அந்தக் கடையில் நாங்கள் அரை மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம். சின்னவளுக்கு அக்கா ஊட்ட, அக்காவுக்கு அந்தப் பெண் ஊட்ட. அவள் கணவர் மட்டும் எதிரே உட்கார்ந்து, "எனக்கு?" என்று கேட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் சொன்னார்: "கொழந்த கேட்டு வந்தவங்க. இப்ப என்ன சொல்வாங்களோ." அன்று சாயங்காலமே அதிகாரி அழைத்தாள். அவர்கள் செரண்டாவுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே, வழியில் காரை நிறுத்தி அவளுக்கு போன் போட்டிருக்கிறார்கள்.

பிறகு விசாரணை, வீட்டைப் பார்வையிடுதல், பயிற்சி என்று நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. வார இறுதிகளில் பிள்ளைகள் செரண்டாவுக்குப் போய்த் தங்கி வரலாம் என்று அனுமதி கிடைத்தது. முதல் வாரம் போய்த் திரும்பி வந்த சின்னவள், வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் ஓடுகிறது, கையாட்டினால் ரயில் ஓட்டுபவரும் கையாட்டுகிறார் என்று மூச்சு விடாமல் சொன்னாள். பெரியவள் பையை அறையில் வைத்துவிட்டு வந்து, "நான் அங்க போகல ஆண்ட்டி" என்றாள்.

"ஏன்டி? என்னாச்சு? யாராச்சும் ஏதும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல."

"பொறவு?"

"ஒரு வேலையும் செய்ய விட மாட்டேங்குறாங்க. தட்டு கழுவப் போனா வாங்கி வச்சிர்றாங்க. எங்க உக்காருறதுன்னே தெரியல. பாப்பாவையும் அவங்களே குளிக்க வைக்கிறாங்க. நான் அங்க எதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன். அன்றைக்கே செரண்டாவிலிருந்து அந்தப் பெண்ணும் அழைத்தார்.

"அக்கா, ரெண்டு நாளும் ஒரு ஓரமாவே நின்னுச்சு. நான் என்னக்கா தப்பு செஞ்சேன்?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. வேலைய வாங்கிட்டீங்க, பதிலுக்கு ஒண்ணும் குடுக்கல. அதான்."

"என்ன குடுக்கணும்?"

"அவளுக்குத் தெரியாத ஒண்ண. எங்க வீட்டுல எனக்கு அப்படி ஒண்ணு கெடைக்கல. எல்லாம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க தேடிப் பாருங்க" என்றேன். அறிவுரை போலத்தான் சொன்னேன். ஆனால் எனக்கே தெரியாத ஒன்றை அவர்கள் தலையில் கட்டினேன் என்பதுதான் உண்மை.

பெரியவளிடம், தங்கை தனியாகப் போனால் பயப்படுவாள், அவளுக்குத் துணையாக இன்னும் ஒரு வாரம் மட்டும் போய் வா என்று கெஞ்சி அனுப்பினேன். சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. அவள்தான். முதன்முறையாக அவள் குரல் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் குரலாக இருந்தது, அதாவது கத்திக்கொண்டிருந்தாள்.

"ஆண்ட்டி! முட்டி தேஞ்சிருச்சு! ரத்தம் வருது! சைக்கிள்ல உழுந்துட்டேன்!"

"ஐயோ, மருந்து போட்டாச்சா?"

"இன்னும் இல்ல! யாரு போடுறதுன்னு ரெண்டு பேரும் சண்ட போடுறாங்க!"

பின்னால் அவர் குரல் கேட்டது: "நான்தான் சைக்கிள் புடிச்சேன், நான்தான் போடுவேன்." அந்தப் பெண்ணின் குரல்: "புடிச்ச லட்சணத்தத்தான் பாத்தோமே! தள்ளுங்க!" பெரியவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. எப்படித் தெரிந்திருக்கும்? எப்போதும் இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தால் சைக்கிளில் எங்கே ஏறுவது? அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டில் பழைய சைக்கிள் ஒன்றைக் கேட்டு வாங்கி, அவர் அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு முட்டியிலும் பிளாஸ்டருடன் நொண்டிக்கொண்டு இறங்கினாள். "அடுத்த வாரம் எப்ப போறோம்?" என்பதுதான் முதல் கேள்வி. நான்காவது வாரத்தில் கையை விட்டு ஓட்டுகிறாள் என்று செய்தி வந்தது. அதை நிறுத்தச் சொல்லி நான் போன் செய்ய வேண்டியதாயிற்று.

பள்ளி விடுமுறையில் அவர்கள் செரண்டாவுக்கே குடிபோனார்கள். பைகளைக் காரில் ஏற்றும்போது பெரியவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சின்னவள் என் கணவரிடம், "அங்கிள், பஸ்ஸ அங்கயும் ஓட்டிட்டு வாங்க" என்றாள். கார் திரும்பியதும் அவர் பஸ்ஸைக் கழுவப் போகிறேன் என்று போனார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார். இரண்டு வாரம் வீடு எனக்குப் பெரியதாகத்தான் இருந்தது. சோறு அளவாக வடிக்க வரவில்லை, தினமும் மிஞ்சியது.

சட்டப்படி பிள்ளைகள் சில மாதம் அவர்களோடு தங்கியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் நீதிமன்றம் தத்தெடுப்புக்கு உத்தரவு கொடுக்கும். அந்த நாளுக்கு எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். அங்கே பார்த்தால் அவரும் மறுபடி கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார்.

நீதிபதி ஒரு மலாய்ப் பெண்மணி. பெரிய கூடத்தில் அல்ல, தன் அறையிலேயே எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். அதிகாரி அறிக்கையைக் கொடுத்தாள். நீதிபதி படித்துவிட்டுப் பெரியவளைப் பார்த்து, இன்றைக்கு இங்கே என்ன நடக்கிறது என்று தெரியுமா என மலாயில் கேட்டார். தெரியும் என்றாள். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

பெரியவள் எழுந்து நின்றாள். "தங்கச்சி பேரும் என் பேரும் ஒரே காகிதத்துல வருமா?" என்று மலாயில் கேட்டாள்.

"இல்லை, ஆளுக்கு ஒன்று. ஆனால் இரண்டிலும் அதே அம்மா பெயர், அதே அப்பா பெயர்."

"மாத்த முடியாதுல்ல?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "முடியாது" என்றார். "நான் கையெழுத்துப் போட்டுவிட்டால், நீ கோபித்துக்கொண்டாலும் அவர்கள்தான் உன் அம்மா அப்பா."

"அப்ப சரி" என்று உட்கார்ந்துகொண்டாள். அறையில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் மூக்கைத் துடைத்தார்கள். செரண்டாக்காரர் இரண்டையும் செய்தார். வெளியே வந்து வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபோது பெரியவள் அவரிடம், "அப்பா, ரசம் அந்தப் பக்கம் தள்ளுங்க" என்றாள். அவர் ரசத்தைத் தள்ளாமல் வாளியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிதான் வாங்கித் தள்ளினார்.

இந்தத் தீபாவளிக்கு மறுநாள் நால்வரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியவள் ஓர் அங்குலம் வளர்ந்திருந்தாள். முறுக்குத் தட்டோடு சோபாவில் போய்ச் சாய்ந்தவள், அங்கிருந்து அசையவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். திடீரென்று கூடத்தில் ஒரே கூச்சல்.

"அது என்னோட டர்ன்! குடுடி!"

"நீ அப்பவே வெளையாடிட்ட!"

"அம்மா! இவ முடியப் புடிச்சு இழுக்குறா!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு போனுக்காக இரண்டு பேரும் தரையில் உருண்டுகொண்டிருந்தார்கள். சின்னவள் அக்காவின் சடையைப் பிடித்திருந்தாள். அக்கா அவள் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதம் எங்கள் வீட்டில் இருந்தார்கள், ஒரு நாள்கூட நான் இதைப் பார்த்ததில்லை.

அவர்களுடைய அம்மா வெட்கத்தில் நெளிந்தார். "மன்னிச்சிருங்கக்கா, கொஞ்ச நாளாவே இப்படித்தான். எதுக்கெடுத்தாலும் சண்ட. நான் நல்லாத் திட்டுறேன், இருங்க."

"சும்மா இரும்மா" என்றேன். "கொஞ்ச நேரம் போடட்டும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். என் கணவரும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். சின்னவள்தான் ஜெயித்தாள். போனைப் பறித்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். பெரியவள் தலைவிரிகோலமாக எழுந்து, "எல்லாம் நீங்க குடுக்குற செல்லம்!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்திவிட்டு, கதவைத் தட்டப் போனாள்.